நாகலிங்கம் அண்ணனும் பொய் சொன்ன டீசல் முள்ளும்

நாகலிங்கம் அண்ணன் தவறிவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஈப்போவில் ரத்தச் சுத்திகரிப்பு மையத்தின் வாசலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என் மனைவி கமலாவின் கையில் குழாய் மாட்டி, இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அழைத்தவர் அண்ணனின் மகள். "அங்கிள், அப்பா விடியக் காலமை போயிட்டார்" என்றாள். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, பயம். இயந்திரம் ஓடும்போது கமலாவுக்கு ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கிவிடும். கண்ணாடிக் கதவு வழியாக அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டால் என்ன ஆகுமோ என்று, எழுந்து போய் எங்கள் பிக்அப் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அங்கே நின்றுதான் அழுதேன். கையிலிருந்து ஊசியை எடுத்து, கட்டுப் போட்டு, மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ் அவளை வெளியே அழைத்து வந்த பிறகே சொன்னேன்.

ஜெலாப்பாங் தொழிற்சாலையில் அவரோடு வேலை பார்த்த நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் இந்த இரண்டு நாளாகக் கைபேசிக் குழுவில் அவரைப் பற்றி நல்ல நல்ல வார்த்தைகளாக எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். நல்லவர், அமைதியானவர், தெய்வ பக்தி உள்ளவர். எல்லாம் சரிதான். ஆனால் அவரை நாம் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டோம் என்று ஒருவரும் எழுதவில்லை. 'பயந்த லிங்கம்.' முதுகுக்குப் பின்னால் மட்டும் இல்லை, முகத்துக்கு நேரேயும் சொல்லியிருக்கிறோம். அவரும் கோபித்துக்கொண்டதே இல்லை. "ஓம், பயந்தவன்தான். அதுக்கென்ன இப்ப?" என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

அவர் மின்சாரப் பராமரிப்புப் பிரிவில் இருந்தார், நான் ஸ்டோரில் இருந்தேன். அவருடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். என்னுடைய தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்ட வந்தவர். மூன்று தலைமுறை ஆகியும் அவர் பேச்சு அவருடையதாகவும் என் பேச்சு என்னுடையதாகவும் இருந்தது. ஒருநாள் பெரிய இயந்திரம் ஒன்று நின்றுவிட்டது, மேற்பார்வையாளர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். மின்சாரம் நிறுத்தியாகிவிட்டது, கையை வை என்றார். அண்ணன் வைக்கவில்லை. டெஸ்டரை எடுத்துக்கொண்டு எதிர்ச் சுவரிலிருந்த பிளக்குக்குப் போய், அங்கே டெஸ்டரின் விளக்கு எரிகிறதா என்று பார்த்தார். எரிந்தது. பிறகு இயந்திரத்தில் வைத்தார். எரியவில்லை. சரி என்று வேலையை ஆரம்பிப்பார் என்று நாம் பார்த்துக்கொண்டிருக்க, மறுபடி அதே பிளக்குக்குப் போனார். நாம் சிரித்தோம். ஆனால் இந்த முறை பிளக்கிலும் டெஸ்டர் எரியவில்லை. டெஸ்டர் நடுவிலேயே செத்துப்போயிருந்தது. வேறொன்றைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தால் இயந்திரத்தில் மின்சாரம் அப்படியே இருக்கிறது. யாரோ பக்கத்துச் சுவிட்சை அணைத்திருக்கிறார்கள். அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் இரண்டும் நடுங்கின. "பாத்தனீரோ ராசு, சொல்லுற சாமான் உயிரோட கிடக்கோ எண்டு முதல்ல பாக்க வேணும்" என்று என்னிடம் சொன்னார். அன்றைக்கும் நாம் அவர் கால் நடுங்கியதைத்தான் கேலி செய்தோம்.

ஓய்வு பெற்ற பிறகு அவர் பத்து காஜா என்ற ஊரில் மகளோடு இருந்தார். நான் அங்கிருந்து கொஞ்சம் உள்ளே, பழைய ரப்பர் தோட்டம் இருந்த இடத்தில், இன்றைக்கு எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவில் இருக்கும் மலிவு வீடுகளில் ஒன்றில் குடியிருக்கிறேன். பஸ் கிடையாது. வாடகைக் கார்க்காரர்கள் அந்த மண் சாலையைக் கைபேசி வரைபடத்தில் பார்த்ததுமே வேண்டாம் என்று ஒதுங்கிவிடுவார்கள். கமலாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டபோது, வாரம் மூன்று நாள் ஈப்போவுக்குப் போய்வர என்னிடம் இருந்தது ஒரு பழைய நாலு கதவு பிக்அப். செம்பனைக் குலை ஏற்றிய குத்தகைக்காரர் ஒருவரிடம் வாங்கியது. பின்பக்கம் நசுங்கியிருக்கும், ஆனால் இஞ்சின் நம்பகமானது. அவள் உயிர் அந்த வண்டியை நம்பி இருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

முதல் முறை சுத்திகரிப்புக்குப் போவதற்கு முன்னால், தோட்டத்து முனீஸ்வரர் கோயிலுக்கு வண்டியைக் கொண்டுபோனோம். பூசாரி எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, ஒரு சின்ன முனீஸ்வரர் படம் கொடுத்தார். "முன்னாடி வச்சி ஒரு செவப்பு வெளக்குப் போட்டுக்க. தங்கச்சி உக்காந்ததும் ஏத்து, எறங்குனதும் அமத்து. அவங்க இருக்கிற வரைக்கும் வெளக்கு எரியணும்லா" என்றார். நான் அன்றைக்கே முன்கண்ணாடிக்குக் கீழே படத்தை ஒட்டி, சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு பல்பும் பக்கத்தில் ஒரு சுவிட்சும் வைத்து, மீட்டருக்குப் பின்பக்கம் கையை விட்டு, எந்தத் திருகு கைக்குத் தட்டுப்பட்டதோ அதிலேயே வயரைச் சுற்றி முடித்துவிட்டேன். விளக்கு எரிந்தது. கமலாவின் முகத்திலும் ஒரு தெளிவு வந்தது. அதற்குப் பிறகு அவள் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டியதும் என் கை தானாகவே அந்தச் சுவிட்சுக்குப் போய்விடும். நாங்கள் கும்பிடுவதைக்கூட மறந்திருப்போம், அந்த விளக்கை மறந்ததில்லை. வருஷங்கள் இப்படியே ஓடின.

அந்த வண்டி ஒருநாள் நின்றுபோனது, செம்பனைக் காட்டின் நடுவில். ஈப்போவுக்குப் போகும் வழியில், வீட்டுக்கும் பெரிய ரோட்டுக்கும் இடையில். இஞ்சின் இரண்டு முறை விக்கியது, அடங்கிவிட்டது. மீட்டரைப் பார்த்தேன், டீசல் முள் பாதியில் நின்றது. பாதித் தொட்டி இருக்கும்போது ஏன் நிற்கிறது என்று எனக்குப் புரியவில்லை. மழை வேறு பிடித்துக்கொண்டது. அதற்கு முந்தின இரவே கமலாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. உடம்பில் நீர் கோத்து, கால் வீங்கி, பேசும்போது நடுவில் நிறுத்தி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு இயந்திரத்தில் ஏறியே ஆக வேண்டும். இரண்டு பக்கமும் இருட்டிக்கொண்டு நிற்கும் மரங்கள், ஒரு மோட்டார் சைக்கிள்கூட வரவில்லை. "ஒண்ணும் ஆகாது கமலா, ஒண்ணும் ஆகாது" என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும்.

நாகலிங்கம் அண்ணனைத்தான் அழைத்தேன். "அண்ணே, வண்டி நின்னுடுச்சி லா. மீட்டர்ல பாதி காட்டுது, ஆனா ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது" என்றேன். அவர் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் ஒரு கேன் டீசலைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். மீட்டரைப் பார்க்கவே இல்லை. தொட்டியின் வாயில் காதை வைத்துக்கொண்டு என்னை வண்டியைக் குலுக்கச் சொன்னார். உள்ளே சத்தமே இல்லை. "ஐசே, இதுக்குள்ள ஒண்டும் இல்லை" என்றார். டீசலை ஊற்றும்போது பாதி அவர் காலில் போட்டிருந்த சப்பாத்திலேயே கொட்டியது. டீசல் வண்டி ஒருமுறை வறண்டுவிட்டால் ஊற்றியதும் கிளம்பாது. குழாயில் புகுந்த காற்றைக் கைப்பம்பை அழுத்தி அழுத்தி வெளியேற்ற வேண்டும். அதை அழுத்திக்கொண்டே, கமலாவின் காதில் விழும்படி, "எனக்குச் சரியான பயமாக் கிடக்கு ராசு. தங்கச்சியின்ர மூச்சு சரியில்லை" என்றார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நோயாளியின் முன்னால் பேசுகிற பேச்சா இது என்று பல்லைக் கடித்தேன். வண்டி கிளம்பியது. மையத்தில் அவளுடைய இயந்திரத்தை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். அடுத்த இயந்திரம் காலியாகும்வரை பிராணவாயுக் குழாயை மூக்கில் வைத்து உட்கார வைத்தார்கள். அந்தக் காத்திருப்பை என்னால் இன்றைக்கும் விவரிக்க முடியாது.

மறுநாள் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார். மீட்டரைப் பார்க்காமல் தூங்க முடியவில்லை என்றார். முதலில் தொட்டிக்குப் போகும் வயரைக் கழற்றி வண்டியின் இரும்பில் தொட வைத்தார், முள் ஒழுங்காக ஏறியது. எடுத்தார், இறங்கியது. அப்படியென்றால் வயரும் முள்ளும் நன்றாக இருக்கின்றன என்றார். பிறகு தொட்டிக்குள்ளிருக்கும் மிதவையை வெளியே எடுத்து ஓட்டை இருக்கிறதா என்று தண்ணீரில் அமுக்கிப் பார்த்தார். ஓட்டை இல்லை. அதைக் கையால் தூக்கினால் முள் ஏறியது, இறக்கினால் இறங்கியது. எல்லாவற்றையும் மாட்டி, இருவருமாக ஒரு சுற்றுப் போய்வந்தோம். முள் சொன்னதும் தொட்டியில் இருந்ததும் ஒத்துப்போனது. அவருக்கு நிம்மதி வரவில்லை, முகம் இன்னும் வெளுத்துவிட்டது. "நோய் ஒண்டும் பிடிபடவில்லை எண்டா அதுதான் எனக்கு இன்னும் பயம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் கமலா ஏறி உட்கார்ந்ததும் முள் ஏறியது. நான் என் கண்ணால் பார்த்தேன். காலைப் பொழுதில் அடியை ஒட்டி இருந்த முள், அவள் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மெல்ல நகர்ந்து பாதிக்கு வந்து நின்றது. அவளை மையத்தில் இறக்கிவிட்டு வெளியே வந்து பார்த்தேன், பழையபடி கீழே இருந்தது. ஏற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும்போது மறுபடி பாதி. வீட்டுக்கு வந்ததும் கமலாவின் அக்கா பார்வதியிடம் அடுப்படியில் வைத்து மெதுவாகத்தான் சொன்னேன். பார்வதிக்கு மெதுவாகப் பேச வராது. "வண்டிக்குத் தெரியுதுலா. பாக்கறதுக்கு நெறஞ்ச மாதிரி காட்டுது, உள்ள ஒண்ணும் இல்ல. முனி சொல்றாரு, நமக்குத்தான் வெளங்கல" என்றாள். திரும்பிப் பார்த்தால் வாசற்படியில் கமலா நிற்கிறாள்.

அன்றிலிருந்து அவள் பேச்சு குறைந்துபோனது. அடுத்த முறை புறப்படும் நேரம் வந்தபோது கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. "நான் வரல. நான் ஏறுனாத்தான் அந்த முள் பொய் சொல்லுது. முனி என்னைக் கூட்டிட்டுப் போவ மாட்டேங்குறாரு. இன்னொரு வாட்டி அந்தக் காட்டுல மூச்சு முட்டிச் சாவுறதுக்கு, வூட்டுலயே கெடக்கேன்" என்றாள். கெஞ்சினேன், சத்தம் போட்டேன், காலைப் பிடித்தேன். "ஒண்ணும் ஆகாது" என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சுத்திகரிப்பை ஒரு தடவை தவறவிட்டால் என்ன ஆகும் என்று உங்களில் இந்த நோயைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு தடவை தவறினால் என்ன என்று நான் நினைத்துப் பார்க்கவே துணியவில்லை. அன்றைக்கு அவள் போகவில்லை. மறுநாள் விடிந்தபோது அவளால் தலையணையில் சாய்ந்து படுக்க முடியவில்லை, உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தாள். ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டேன் என்றாள்.

நாகலிங்கம் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் வந்து கமலாவின் கட்டிலுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். நானோ, அவராவது நாலு தைரிய வார்த்தை சொல்ல மாட்டாரா என்று ஏங்கிக்கொண்டு நின்றேன். அவர் சொன்னது இதுதான்: "பிள்ளை, எனக்கும் பயம். நாய்க்குப் பயம், இடிக்குப் பயம், முனிக்கும் பயம். நேற்று இரவு முழுக்க உங்களை நினைச்சு நித்திரை இல்லை. பயப்பிட வேண்டாம் எண்டு நான் சொல்ல மாட்டன். ஆனா என்னத்துக்குப் பயப்பிடுறம் எண்டு ஒருக்காப் பாத்திட்டுப் பயப்பிடுவம். வண்டியில ஏறி இருங்கோ, எங்கையும் போக வேண்டாம். இருந்து காட்டுங்கோ, அவ்வளவு காணும்." கமலா என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

வண்டி வீட்டு வாசலிலேயே நின்றது. "ஒவ்வொரு நாளும் எப்படிச் செய்வீரோ அப்படியே செய்யும். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்" என்றார் என்னிடம். நான் கதவைத் திறந்து கமலாவை உட்கார வைத்தேன், பெல்ட் மாட்டினேன், சுற்றி வந்து என் இருக்கையில் ஏறி, சாவியைத் திருப்பினேன். இந்தக் கலவரத்தில் நான் டீசலும் போட்டிருக்கவில்லை, முள் அடியிலேயே கிடந்தது. கமலாவும் நானும் அந்த முள்ளையே வெறித்துக்கொண்டிருந்தோம். அண்ணன் பின்சீட்டிலிருந்து என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். முள் நகர்ந்தது. கமலா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். "பக்கத்து முள்ளைப் பாரும்" என்றார் அண்ணன். இஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளும் ஏறிக்கொண்டிருந்தது. இஞ்சினோ இன்னும் கிளப்பப்படவே இல்லை. அதுவரை அந்த முள்ளை நான் கவனித்ததே கிடையாது. "ரெண்டு பேரும் ஒரே பொய்யைச் சொல்லுகினம். அப்ப ரெண்டு பேருக்கும் ஆரோ ஒராள்தான் சொல்லிக் குடுக்கிறார்" என்றார். திரும்பிப் பார்த்தேன். அவர் முனீஸ்வரர் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

அவர் பின்சீட்டிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு, கமலாவின் பக்கத்துக் கதவருகே வந்தார். கைகூப்பிப் படத்தைக் கும்பிட்டார். "பிள்ளை, இந்த விளக்கை ஒருக்கா அமத்திப் பாக்க வேணும். எனக்குத் தொடப் பயம். இவன் ராசுவும் தொட மாட்டான், பாருங்கோ அவன்ர முகத்தை. நீங்கள் வேண்டாம் எண்டா விடுவம்" என்றார். அவர் சொன்னது உண்மை. அவள் உட்கார்ந்திருக்கும்போது அந்த விளக்கு ஒருநாளும் அணைந்ததில்லை. மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் அணைத்து, ஏதாவது ஆகிவிட்டால்? "வேணாம்ணே, வுடுங்க" என்றுகூடச் சொல்லிவிட்டேன். கமலா என்னைப் பார்க்கவில்லை. கண்ணை மூடி, ஏதோ முணுமுணுத்து, கையை நீட்டிச் சுவிட்சைத் தட்டினாள். விளக்கு அணைந்தது. இரண்டு முள்ளும் சேர்ந்து கீழே இறங்கின. மறுபடி போட்டாள், ஏறின. அணைத்தாள், இறங்கின. அவளுக்குக் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது, ஆனால் கை நிற்கவில்லை. "அப்ப நான் இல்லையா? நான் இல்லையாண்ணே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "நீங்கள் இல்லை பிள்ளை, முனியும் இல்லை. எர்த்" என்றார் அண்ணன்.

மீட்டருக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்துவிட்டு அவர் விளக்கினார். மீட்டரிலிருந்து வண்டியின் இரும்புக்கு மின்சாரம் திரும்பிப் போகும் வழிதான் எர்த். அந்த வழி போகும் திருகில்தான் நான் முனீஸ்வரர் விளக்கின் வயரையும் சுற்றி வைத்திருந்தேன். முன்கண்ணாடி ஓரம் கசிந்த மழைநீர் பட்டுப் பட்டுத் திருகு துருவேறி, வழி அடைத்துப்போய்விட்டது. விளக்கு எரியாதபோது மீட்டர் எப்படியோ சமாளிக்கிறது. எரியும்போது இரண்டுக்கும் வழி போதாமல் முள் தடுமாறி மேலே ஏறிவிடுகிறது. இரவில் பெரிய விளக்குப் போட்டு ஓடியிருந்தாலும் இதே கதைதான், நாங்கள்தான் இரவில் ஓடுவதில்லையே. விளக்கைக் கழற்றிவிடலாமா என்று கேட்டேன். "ஏன் கழட்ட? சாமிக்கு ஒரு தனி எர்த் குடுப்பம்" என்றார். உப்புத்தாள் கொண்டு துருவைத் தேய்த்து, மீட்டர் வயரை அங்கே இறுக்கி, விளக்குக்கு வேறொரு வயரை இழுத்து இரும்பில் வைத்தார். விளக்கைப் போட்டோம். முள் அசையவில்லை, அடியிலேயே இருந்தது. தொட்டி காலிக்குப் பக்கத்தில் என்ற கெட்ட செய்தியை அத்தனை சந்தோஷமாக நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அவர் கொண்டுவந்திருந்த டீசலை ஊற்றிக்கொண்டு, மூவருமாக நேரே ஈப்போவுக்குப் போனோம். மையத்தில் மிஸ்ஸி திட்டித் தீர்த்துவிட்டு, உடனே படுக்கை போட்டுக்கொடுத்தார். கமலா பிழைத்தாள். பார்வதி மட்டும் இன்றுவரை, விளக்கைப் பார்க்கும்படி அண்ணனின் கண்ணைத் திருப்பியதே முனிதான் என்று சொல்கிறாள். அண்ணனும் அதை மறுத்ததில்லை. "இருக்கலாம். எனக்கு அவரிட்டச் சண்டைக்குப் போகப் பயம்" என்பார்.

அதற்குப் பிறகு சுத்திகரிப்பு நாளில் காலையில் அவரிடமிருந்து அழைப்பு வந்துவிடும். டயர் எப்படி, மழை வருமா, கமலாவின் கால் வீக்கம் எப்படி என்று கேட்பார். சில நாள் எங்களோடு வந்து வாசல் நாற்காலியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். லோரி பக்கத்தில் வந்தால் சீட்டைப் பிடித்துக்கொள்வார். கமலா அதைப் பார்த்துச் சிரிப்பாள். எங்கள் வீட்டில் அவளைச் சிரிக்க வைத்த ஒரே மனிதர் அவர்.

கடைசியாக அவரைப் பார்த்தது ஆஸ்பத்திரியில். நுரையீரலில் கிருமி, மூக்கில் குழாய். என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார். நான் பிடித்துக்கொண்டு, வழக்கம்போல, "ஒண்ணும் ஆகாது அண்ணே, ரெண்டு நாள்ல வூட்டுக்குப் போயிரலாம்" என்றேன். அவர் மூச்சை இழுத்துப் பிடித்து, "ஐசே, உம்மட பழைய மீட்டர் மாதிரிக் கதைக்காதையும்" என்றார். எனக்கு முகம் தொங்கிப்போயிற்று. கமலா என்னை ஒதுக்கிவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தாள். "அண்ணே, பயமா இருக்கா?" என்று கேட்டாள். "ஓம் பிள்ளை, சரியான பயம்" என்றார். "எனக்குந்தாண்ணே. அந்த ஊசியப் பாத்தா எனக்கு இன்னும் பயம்" என்றாள். அவ்வளவுதான் பேசினார்கள். பார்வையாளர் நேரம் முடியும்வரை அவர் கையை அவள் விடவில்லை. அவர் முகம் தளர்ந்து, கண் அசந்துபோனார். நான் சொன்ன எந்த நல்ல வார்த்தைக்கும் அவர் அப்படித் தூங்கவில்லை.

இறுதிச் சடங்குக்கு நீங்களும் வந்திருந்தீர்கள். நம் பழைய மேலாளர், 'எதற்கும் அஞ்சாதவர்' என்று அவரைப் புகழ்ந்து பேசினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இல்லை ஐயா, எல்லாவற்றுக்கும் அஞ்சியவர் என்று எழுந்து சொல்ல நினைத்தேன், சபையில் வாய் வரவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன். அவர் பயந்தவர். பயந்துகொண்டே மழையில் டீசல் கேனைக் கட்டிக்கொண்டு வந்தவர். பயமாக இருக்கிறது என்று அடுத்தவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர். நாம் யாரும் அதைச் செய்ததில்லை. அவருடைய டெஸ்டரோ கைப்பையோ எதுவும் என்னிடம் இல்லை. அவரிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது 'பயமாக இருக்கிறது' என்ற அந்த ஒரு வாக்கியத்தைத்தான். அதையும் எடுத்துக்கொள்ள எனக்கு அவருடைய சாவு வேண்டியிருந்தது.

சடங்கு முடிந்து கமலாவும் நானும் செம்பனைக் காட்டு வழியே திரும்பிக்கொண்டிருந்தோம். அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "ஏங்க, இனிமே வண்டி நின்னா யாரைக் கூப்புடுவீங்க? பயமா இல்ல உங்களுக்கு?" என்று கேட்டாள்.

ஒண்ணும் ஆகாது என்று வாய்வரை வந்துவிட்டது. வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

"இருக்கு கமலா. நீ உள்ள போயி படுக்கறப்பெல்லாம், திரும்பி வருவியா மாட்டியான்னு எனக்கு உயிரே போவுது" என்றேன். அவளைப் பார்க்க முடியாமல் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டேன்.

"அப்பாடா" என்றாள் கமலா. என் முதுகில் அவள் கை வந்து விழுந்தது. "இவ்ளோ வருஷமா நம்ம வூட்டுல நான் ஒருத்திதான் பயந்துகிட்டு இருக்கேன்னு நெனச்சேன்."